பிரஷர் ஏறிய காரணம்

பாண்டிமுருகனுக்குப் பிரஷர் நூற்றி அறுபது காட்டியது. மாரிசெல்வி பட்டையைக் கழற்றி மறு கையில் கட்டிப் பார்த்தாள். அதே நூற்றி அறுபது. காலையில், குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால், நூற்றி இருபதுதான்.

மாரிசெல்வி சிவகாசியில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். போன வாரம் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்காமல் முந்தின வரியில் இருந்த எண்ணையே எழுதிவைத்து, வார்டு நர்ஸ் ஸ்ரீமதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்று எண்ணை எழுதிவிட்டு நகர மனசு வரவில்லை. நின்று ஆளைப் பார்த்தாள்.

எம். புதுப்பட்டியில் பட்டாசு லோடு ஏற்றுகிற திடமான மனுஷர். நெற்றியெல்லாம் வேர்வை. ஒருக்களிப்பதும் மல்லாந்து படுப்பதுமாகக் கிடந்து நெளிந்தார்.

"எங்கண்ணே வலிக்கு?"

"தையல்லதான் தாயி. பொறுத்துக்கிடலாம்."

"கத்தி எங்கயும் தப்பாப் பட்டிருச்சோ என்னமோ" என்று பக்கத்தில் நின்ற அவர் பெண்டாட்டி குருவம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

தையல்மேல் போட்டிருந்த துணிக்கட்டில் ரத்தக் கசிவு இல்லை. மாரிசெல்வி அவரைக் காலைத் தூக்கச் சொன்னாள். முதுகில் போட்ட ஊசியின் மரமரப்புப் போய், நன்றாகவே தூக்கினார். அவரிடம் கேட்டுக்கொண்டு அடிவயிற்றில் மெல்லக் கை வைத்தாள். தொப்புளுக்குக் கீழே பந்து மாதிரி உருண்டு இறுகியிருந்தது.

"அண்ணே, ஆபரேஷனுக்கப்புறம் ஒண்ணுக்குப் போனீகளா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்கன போனாக?" என்றாள் குருவம்மாள். "பாட்டிலக் குடுத்தா, இம்புட்டுப் பேரு நடுவுல எப்படிங்காக."

மாரிசெல்வி ஓடிப்போய்ச் சொன்னாள். ஸ்ரீமதி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். "போகலேன்னா டியூப் போடச் சொல்லிட்டாரு."

"ஒரு தடவ நிக்கவச்சுப் பாக்கட்டுமா சிஸ்டர்?"

"கால் மணி நேரந்தான். கிறுகிறுன்னு வந்தா உடனே படுக்கவச்சிரு."

கட்டிலைச் சுற்றி மறைப்பை இழுத்துவிட்டார்கள். முதலில் உட்காரவைத்து, தலை சுற்றவில்லை என்றபின் எழுப்பி நிறுத்தினார்கள். குருவம்மாள் தாங்கிக்கொண்டாள். மாரிசெல்வி மறைப்புக்கு வெளியே வந்து, தண்ணீர் விழுவதைக் கேட்டாலாவது வரட்டும் என்று கை கழுவுகிற குழாயைத் திறந்துவிட்டாள்.

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. வேறொன்றுமில்லை.

"வரலியே தாயி." குரல் உடைந்திருந்தது.

"அவசரப்படாதீக. மூச்ச மெதுவா விடுங்கண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து, "ஏ ஆத்தா, வருது, வருது!" என்று குருவம்மாள் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"ஏட்டி, கத்தாத!" என்றார் பாண்டிமுருகன். அன்றைக்கு அவர் குரலில் தெம்பு வந்தது அப்போதுதான்.

அளந்து பார்த்தால் எண்ணூறு மில்லி. வயிறு தளர்ந்திருந்தது. அரைமணி கழித்துப் பிரஷர் நூற்றி இருபத்தாறு. "டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். குருவம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஸ்ரீமதி சார்ட்டை வரிவரியாகப் படித்தாள். "சாப்பிட்டியா? போயிட்டு வா" என்றாள்.

மாடிப்படி இறங்கும்போதுதான் மாரிசெல்விக்குப் பசி தெரிந்தது. அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். ஆறிப்போன எலுமிச்சைச் சோறு. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.