வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு

எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி உண்டு. காத்தான்குடியில் அதற்கு மருந்து கிடைக்காததால் ஒரு யூடியூப் சேனல் தொடங்கினேன். ஊர் இரண்டுபட்டு நிற்கிற விஷயம் ஒன்றை எடுப்பேன். அது தெரிந்த இரண்டு பேரைப் பிடித்து உட்கார்த்தி, எனக்கு விளங்கும்வரை விடமாட்டேன். வாவியின் முகத்துவாரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று வயல்காரருக்கும் மீன்காரருக்கும் நடக்கிற இழுபறி எனக்கு விளங்கியது அப்படித்தான். தேர்தல் முறை பற்றியும் ஒரு நிகழ்ச்சி செய்தேன். அது இன்னும் விளங்கவில்லை. பிழை என்னுடையது என்று நான் நினைக்கவில்லை.

இந்த முறை எடுத்தது சீதன வீடு. எங்கள் பக்கம் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பேரில் உறுதிப் பத்திரமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை ஒழிக்க வேண்டும் என்று பாதிப் பேர் கத்துகிறார்கள், காக்க வேண்டும் என்று மீதிப் பேர். விளக்கிச் சொல்ல இரண்டு பேர் வந்தார்கள். சுலோஜனா மிஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பிக்கிறவர், ஊர் களுவாஞ்சிக்குடி. உசனார் சேர் காணி வழக்குகளிலேயே தலை நரைத்த சட்டத்தரணி. ஸ்டூடியோவுக்கு வசதியில்லாததால் பதிவு எங்கள் வீட்டு ஹோலில்.

அந்த வீடே என் சீதனம்தான். உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. நான் ஒரே மகள். ஏறாவூர் ஸாஹிருக்கும் எனக்கும் பேச்சு முடிந்து, பெருநாள் கழிய நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் உம்மா வீட்டை எனக்கு எழுத வேண்டும். ஸாஹிரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"இது பொண்ணுக்கு அநியாயமா, நியாயமா மிஸ்?" என்று தொடங்கினேன்.

"எல்லாச் சீதனத்தையும் ஒண்டாப் பாக்கேலாது நஸ்ஹா. வேற இடங்கள்ல சாமானோட சேத்துப் பொண்ணையும் அனுப்பிருவாங்க. இஞ்ச பொண்ணு எங்கயும் போறதில்ல. வீடு அவட பேர்ல. சண்டை வந்தா சேர்ட்டைக் கொழுவிக்கிட்டு வெளிய போறது புருஷன். தமிழாக்களும் முஸ்லிம்களும் சண்டை பிடிக்காத விஷயம் ஒண்டு இரிக்கெண்டா இதான். ரெண்டு பக்கமும் ஒரே வழக்கம்."

உசனார் சேர் சிரித்தார். "மிஸ் பொண்ணப் பாக்கிறாங்க. நான் அவட கூடப்பொறந்த காக்காவப் பாக்கிறன். தங்கச்சிமாருக்கு ஊடு கட்டக் கட்டார் நாட்டுக்குப் போனவன், எல்லாம் கட்டி முடிச்சிட்டு வந்திறங்கக்குள்ள தலையில மயிரில்ல. அவனுக்கு யாரு பொண்ணு குடுக்கிற?"

"அது வழக்கத்திட பிழையில்ல சேர். காணி இல்லாததுட பிழை. முந்தி ஒரு வளவுக்குள்ள மகள்மாருக்கெல்லாம் வீடு கட்டலாம். இப்ப ஒரு துண்டு வாங்கவே ஒரு ஆயுள் வேணும்."

இருவருமே சரி போலத்தான் இருந்தது. எனக்கு அப்படி இருந்தால் உள்ளுக்குள் ஏதோ அரிக்கத் தொடங்கிவிடும்.

"சரி, ஊட்ட எழுதிக் குடுத்த பிறகு உம்மாவும் வாப்பாவும் எங்க இரிக்கிற?"

மிஸ்தான் முந்திக்கொண்டார். "வளவுக்குள்ள சின்னதா ஒண்டு கட்டிக்கிட்டுப் போவாங்க. இல்லாட்டி மகளோடயே இரிப்பாங்க."

"மகள் இரிக்க விட்டாத்தானே?"

"அதுக்குச் சீவிய உரித்து எண்டு ஒண்டு இரிக்கி" என்றார் உசனார் சேர். "ஊடு மகளுக்குத்தான், ஆனா மௌத்தாகும் வரைக்கும் இதில இரிக்க எனக்கு உரிமை இரிக்கி எண்டு உறுதியில ஒரு வரி போடலாம். போடச் சொன்னா உம்மாமார் கோவிச்சுக்கிட்டு எழும்பிப் போயிருவாங்க."

"ஏன் சேர்?"

"அத உம்மாமார்ட்டத்தான் கேக்கணும்."

சரியாக அந்த நேரம் உம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். என் வாய் சும்மா இருக்குமா? "உம்மா, நீங்க அந்த வரியப் போடுவீங்களா?"

உம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "நான் ஏன் போடுற? என்ட புள்ள என்னத் துரத்துவாளா?" தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

வந்தவர்கள் போன பிறகு வெடித்தார். "வீடியோவில அந்தத் துண்ட வெட்டு. ஏறாவூராக்கள் பாத்தா என்ன நினைப்பாங்க? மருமகன நம்பாமத்தான் ஊடு தாறாங்க எண்டு நினைக்கமாட்டாங்களா? கலியாணம் நிண்டா என்ன செய்வாய்?"

"நிண்டா நான் அழுவன். ஆனா அந்த வரி இல்லாட்டி நீங்க எங்க போவீங்க? அதச் சொல்லுங்க."

"உன்ட இஷ்டம். என்னமும் செய்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இரவெல்லாம் யோசித்தேன். ஊரார் வீட்டுக் கதையெல்லாம் வெட்டாமல் போட்டவள், என் வீட்டுக் கதையை மட்டும் எந்த முகத்தோடு வெட்டுவது? பயந்து பயந்துதான் போட்டேன். கீழே கமெண்டில் வழக்கமான சண்டை தொடங்கியது. ஸாஹிரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவருடைய உம்மா, சபீனா மாமி, போனில் அழைத்தார். உம்மா ஓடிவந்து ஸ்பீக்கரில் போடும்படி கையைக் காட்டினார்.

"மகள், உங்கட நிகழ்ச்சியப் பாத்தன்."

"ஓம் மாமி."

"முழுக்கப் பாத்தன். அந்த லோயர் ஒரு வரி சொன்னாரே." மாமியின் குரல் தாழ்ந்தது. "அத உறுதி எழுதி முடிஞ்ச பிறகும் போடலாமா?"

"யாருக்கு மாமி?"

"எனக்குத்தான். ஊட்ட ஸாஹிர்ட தங்கச்சி றிஸானாக்கு எழுதிட்டன். இப்ப அவட புருஷன் வெளிநாடு போக, ஊட்ட விப்பம் எண்டு கதைக்கிறார். நல்ல புள்ளதான், குறை சொல்லேலாது. ஆனா விக்கிற ஊட்டுக்குள்ள நானும் இரிக்கன்தானே மகள்."

பதிவு முடிந்து உசனார் சேரை வாசல்வரை கொண்டுபோய் விட்டபோது நான் அதையும் கேட்டிருந்தேன். "போடலாம் மாமி. ஆனா ஊடு இப்ப றிஸானாடது. அவ சம்மதிச்சுக் கையொப்பம் வெக்கணும்."

மாமி கேட்டார்: "அவட்ட எப்பிடிக் கேக்கிற மகள்? நீ என்னத் துரத்துவியா எண்டு பெத்த புள்ளட்டக் கேக்கிற மாதிரியல்லவா இரிக்கும்?"

யாரைக் கூப்பிட்டு உட்கார்த்திக் கேட்டாலும் இதற்குப் பதில் கிடைக்காது என்று தோன்றியது. மாமிக்காக மனது வலித்தது.

உம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். சம்பந்தியை மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"மச்சி, நான்தான். நஸ்ஹாக்கு எழுதுற உறுதியில அந்த வரியப் போடப் போறன். நீங்க றிஸானாட்ட இப்பிடிச் சொல்லுங்க: சம்மந்தி ஊட்டில போட்டிருக்காங்க, இப்ப எல்லாரும் போடுறாங்களாம், நாமளும் போடுவம் எண்டு. என்ட பேரச் சொல்லியே கேளுங்க."

மாமி அழுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. உம்மா ஸ்பீக்கரை நிறுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, என்னை வெளியே போகச் சொன்னார்.