சேவலும் அறுபதாவது பிறந்தநாளும்

எட்டு மாதமாக எங்கள் வீட்டுச் சேவல் என் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டிருந்தது. முட்டை எடுக்கப் போனாலும் சரி, துணி காயப்போடப் போனாலும் சரி, பறந்து வந்து கால்முள்ளால் ஒரே போடு. ஜூலை வெயிலிலும் ரப்பர் பூட்ஸ் மாட்டி, குப்பைத்தொட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் என் சொந்தத் தோட்டத்தில் நான் நடமாடினேன்.

என் கணவர் எஸ்கில்டிடம் மட்டும் அது பரம சாது.

"அறுத்துடலாம் எஸ்கில்ட். என்னால முடியல."

"அது ஏன் உன்னையே கொத்துதுன்னு யோசிச்சியா, டோவெ? அதைக் கண்டாலே முறைக்கிற. வாயில்லா ஜீவன், பாவம்."

வாயில்லா ஜீவனாம். விடியற்காலை நான்கு மணிக்குத் தெருவையே எழுப்புகிற வாய் அது. கட்டுப்போட்ட காலைக் காட்டினேன். அவர் பூட்ஸைப் பார்த்து, "கலரை மாத்திப் பாரேன்" என்றார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நம்பினார் என்றும் சொல்ல முடியாது. காயத்தைவிட எனக்கு வலித்தது அதுதான்.

ஆகஸ்டில் அவருக்கு அறுபது. காலையிலேயே தோட்டத்துக் கம்பத்தில் தேசியக் கொடியை ஏற்றினார். பிறந்தநாளுக்குக் கொடி ஏற்றாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட வேண்டும், துணி தரையில் படவே கூடாது. அதில் எஸ்கில்ட் மகா கறார்.

சாயங்காலம் விருந்தாளிகள் கேக்கும் காபியுமாக உட்கார்ந்திருக்க, அவர் கொடியை இறக்கிக் கயிற்றிலிருந்து கழற்றினார். சிவப்புத் துணி காற்றில் படபடத்தது. சேவலுக்கு என்ன தோன்றியதோ, அவர் மேலேயே பாய்ந்தது. இரண்டு கைகளாலும் கொடியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

"டோவெ, வந்து பிடி."

"எதை? சேவலையா?"

"கொடியை."

கேக் தட்டை வைத்துவிட்டு மெதுவாகத்தான் போனேன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் தடுமாறியதில் கொடியின் ஒரு முனை மண்ணில் புரண்டது. சேவல் அதன் மேல் ஏறி நின்று கூவியது.

மறுநாள் காபி குடிக்கும் முன்பே அதை அறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சூப் குடிக்க அவர் தம்பி மோன்ஸ் வந்திருந்தார். "நல்ல சேவலாச்சே, ஏண்ணே அறுத்தீங்க?"

எஸ்கில்ட் கரண்டியைக் கீழே வைத்தார். "மத்த எதையும் பொறுத்துக்கலாம் மோன்ஸ். கொடி மேல ஏறினா எப்படிடா பொறுக்கிறது?"

எட்டு மாதமாக அவர் எவ்வளவு பொறுமையாக இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆத்திரத்தில் கண் கலங்கியது. ஆனாலும் சூப் அருமை, இரண்டாவது கிண்ணமும் குடித்தேன்.