மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால்

1

இந்தக் கதை ஒரு விளக்கிலிருந்து வந்தது. நான் வேலை பார்க்கும் இடத்தில் குடிதண்ணீர் ஒரு குழாய்க்குள் ஓடும். குழாயின் நடுவே ஒரு விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் கிருமி சாகும். உள்ளே பாதரசம், உடைந்தால் தொடாதே, ஆட்களை வெளியேற்று என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க அதையே வாசித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒன்று தூக்கம் வரும், இல்லை கதை வரும். எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த விளக்கைப் பற்றித் தேடிப் படித்தேன். [கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டியது. அங்கே நான் அதிக நாள் இருக்கவில்லை.] படித்ததில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது இரண்டு அணுக்கள் இறுகக் கைகோத்து நிற்பது. பாதரச விளக்கின் வெளிச்சத்தை அதன்மேல் பாய்ச்சினால் அதற்கு ஒன்றும் ஆகாது. வெளிச்சம் பாட்டுக்கு உள்ளே புகுந்து வெளியே போய்விடும். ஆனால் அந்த வாயுவில் துளி பாதரச ஆவி கலந்திருந்தால் நிலைமை வேறு. விளக்கிலிருக்கும் பாதரசம் விடும் வெளிச்சத்தை வாயுவிலிருக்கும் பாதரசம் அப்படியே வாங்கிக்கொள்ளும். வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாது. வந்து முட்டுகிற மூலக்கூறின் தலையில் இறக்கிவிடும். மூலக்கூறு இரண்டாக உடையும். பாதரசம் ஒன்றும் தெரியாததுபோல் பழையபடி நின்று, அடுத்த வெளிச்சத்துக்குக் காத்திருக்கும்.

இப்படிப்பட்ட ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கோ வாங்கிய திட்டை வேறெங்கோ கொண்டுபோய் இறக்குகிறவர்கள். முதலில் அப்படி ஒருவனைத்தான் எழுத உட்கார்ந்தேன். சில பக்கம் ஓடியது, கிழித்துப் போட்டேன். பாதரசத்தை உவமையாக்கினால் பாதரசம் காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது அந்த மனிதன் மட்டும், அவனும் சுமார்.

இந்தக் கதையில் பாதரசம் பாதரசம்தான்.

2

முதல் தொடக்கம்: "ஆய்வகக் கதவைத் திறந்தபோது அவளுக்குள் இனம்புரியாத ஒரு"

இனம்புரியாத என்று எழுதினால் எனக்கே புரியவில்லை என்று அர்த்தம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: அன்று தூள் நீலமானது. ஆகியிருக்கக் கூடாது.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

அவள் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். நீளமான அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள், இரும்புச் சட்டத்தில் இறுக்கிப் பொருத்தியவை. நடுவே ஒரு குவார்ட்ஸ் குடுவை. அதன் பக்கத்தில் பாதரச விளக்கு, விளக்கின்மேல் ஓயாமல் காற்றடிக்கும் சின்ன விசிறி. குடுவைக்குள் ஹைட்ரஜன், அடியில் மஞ்சளாக ஒரு தூள். ஹைட்ரஜன் மூலக்கூறுகள் உடைந்தால் தனியான அணுக்கள் அந்தத் தூளைத் தாக்கி நீலமாக்கும். உடையாவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, தூளின் நிறம் தெரியும்.

குடுவைக்குள் ஒரு சொட்டு பாதரசம் விட்டு விளக்கைப் போட்டால் நீலம் வரும். அது எல்லோருக்கும் தெரிந்தது. பாதரசமே இல்லாமல் போட்டால் வரக்கூடாது. சரிபார்ப்பதற்காக அப்படி ஒருமுறை வெறுமனே ஓட்டுவார்கள். குடுவையைக் கழுவி, ஓவனில் வைத்து உலர்த்தி, புதுத் தூள் போட்டு, விளக்கைப் போட்டாள்.

வந்தது.

துறைத் தலைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது பத்து வயது குறைந்திருந்தார்.

"சபாஷ்மா! பாதரசமே இல்லாம உடையுது பாத்தியா? தூளே வெளிச்சத்தை வாங்கி உடைக்குது. இல்லேன்னா குடுவைச் சுவர். ரெண்டுல எதுவா இருந்தாலும் புதுசு."

"இன்னொரு தடவை பாத்துடலாம் சார்."

"எத்தனை தடவைதான் பாப்ப? நீலமா இல்லையா?"

"நீலம்தான் சார்."

"அப்புறம் என்ன? நீலத்துக்கு வாயா இருக்கு, வந்து உன்கிட்ட சொல்றதுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான். சந்தோஷமாக இருப்பவரிடம் சந்தேகத்தைக் கொண்டுபோக யாருக்கும் மனம் வராது. ஆனால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குடுவைக்குள் தெரியாமல் பாதரசம் புகுந்திருந்தால்? அது எங்கிருந்து புகுந்திருக்கும்?

3

இங்கே ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் அவளுக்குக் கணவன் இருந்தான். ரொம்ப நல்லவன். "வேலையை விட்டுடும்மா" என்றான். அவளும் விட்டுவிட்டாள். கதை அங்கேயே படுத்துவிட்டது. அதனால் அவனைக் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டேன். அவனிடமிருந்து எப்போதாவது ஒரு செய்தி வரும், அதுவும் துண்டு துண்டாக. அவள் கருவுற்றிருப்பதை அவனிடம் நேரில் சொல்லக் காத்திருக்கிறாள். தலைவருக்குத் தெரியாது, சக ஆய்வாளனுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அக்கா. பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருப்பவள்.

இப்போது உங்களுக்கும் தெரியும்.

ஆக, தூள் நீலமானதற்குக் காரணம் தலைவர் சொன்னதுதான் என்றால், அறை சுத்தம். புகழும் வரும். காரணம் பாதரசம் என்றால், அது குடுவைக்குள் மட்டுமா இருக்கிறது? விளக்கின்மேல் வெளிக்காற்று பட்டால் சூடு மாறுகிறது, கணக்கு கெடுகிறது என்று ஜன்னல்களையெல்லாம் அடைத்து நாடா ஒட்டியிருக்கிறார்கள். அந்த அறையில்தான் அவள் காலையிலிருந்து மாலை வரை இருக்கிறாள். பாதரச ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சோடு போனால் ரத்தத்துக்குப் போகும். ரத்தத்திலிருந்து குழந்தைக்கும் போகும்.

ஆய்வு தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்களைப் பற்றிக் கதைகள் உண்டு. அவளுக்கு அந்தப் பயம் இரண்டாவது. தலைவர் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று அவரைவிட அதிகமாக அவள் வேண்டிக்கொண்டாள்.*

(* ரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கொடுக்கத்தான் போகிறாள். முடிவு வர நாளாகும். அதுவரை எதை நினைத்துக்கொண்டு சாப்பிடுவாள் என்பதுதான் என் கேள்வி.)

4

சக ஆய்வாளனுக்குப் பட்டப்பெயர் பம்ப். வெற்றிடப் பம்ப்பை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அது நின்றால் அவன் முகமும் நின்றுவிடும். அவனைப் பற்றி எனக்கு நிறையச் சந்தேகம். வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்பாவியாக எழுதினேன், கோபம் வந்தது. இப்போது பேச மட்டும் விட்டிருக்கிறேன்.

அவள் ஓவனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்களை உலர்த்தும் இரும்புப் பெட்டி அது.

"இதுல இருந்த தெர்மாமீட்டர் எங்க?"

"புதுசு சொல்லியிருக்கேன். வரும்."

"பழசு?"

"அது போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"எங்க போகும், காசிக்கா? உடைஞ்சு போச்சு. கதவைச் சாத்தறப்ப இடிச்சுக்கிச்சு. அப்பவே பெருக்கிட்டேன்."

"எதால?"

"இது என்ன கேள்வி? துடைப்பத்தாலதான்."

"பாதரசத்தை துடைப்பத்தால பெருக்கினியா?"

"ஒரு பொட்டு விடாம எடுத்துட்டேன்மா. குனிஞ்சு, டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

"எப்ப?"

"குளிர் ஆரம்பிச்சப்போ. நாம ஜன்னலை அடைச்சோமே, அந்தச் சமயம். ஏன், என்ன இப்போ? ஒரு தெர்மாமீட்டர். கொலையா பண்ணிட்டேன்?"

[துடைப்பம் பட்டால் ஒரு சொட்டுப் பாதரசம் நூறு பொடியாகும். பொடிகள் ஓவனின் அடித்தகட்டு இடுக்குகளில் இறங்கும். தினமும் காலையில் ஓவனைச் சூடாக்குவார்கள். சூடான பாதரசம் என்ன செய்யும் என்று அந்த அறையில் வேலை செய்யும் இருவருக்கும் தெரியும். அதைச் சூடாக்கி ஆவியாக்குவதுதான் அவர்கள் தொழிலே. குடுவைக்குள் இருந்தால் அளந்து வைப்பார்கள். ஓவனுக்குள் கொட்டினால் குப்பை என்று நினைத்துவிட்டான்.]

அவள் ஓவன் சுவிட்சை அணைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான் முழுகாம இருக்கேன்."

அவன் வாய் ஏதோ ஜோக்குக்குத் தயாராகி, அப்படியே நின்றது.

"ஏன் சொல்லல நீ?"

"நீ ஏன் சொல்லல?"

இந்த இடத்தில் மழை பெய்ய வைக்கலாமா என்று யோசித்தேன். ஜன்னல் அடைத்திருப்பதால் கேட்காது.

5

வராந்தாவுக்கு வந்து போனில் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அடியேய், பதறாத. எங்க டாக்டர் ஊருக்கே பாதரசத்தைப் பல்லுல அடைச்சாரு. எல்லாரும் நல்லாத்தான் மென்னுட்டுத் திரியறாங்க."

"பல்லுல அடைச்சது வேறக்கா. இது ஆவி. மூச்சுல போறது."

"போச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுல்ல? அப்புறம் ஏன் நீயா போய்க் கஷ்டத்தை விலைக்கு வாங்கற?" கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கினாள். "தெரிஞ்சுக்க வழி இருக்கா?"

இருக்கிறது. அதுவும் ஒரே ஒரு பிளக்கைப் பிடுங்கினால் போதும்.

விளக்கின்மேல் ஏன் எப்போதும் விசிறி ஓடுகிறது? விளக்கு சூடேறினால் அதற்குள்ளேயே பாதரச ஆவி அடர்ந்துவிடும். வாயுவிலிருக்கும் பாதரசம் எந்த வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறதோ, அதே வெளிச்சத்தை விளக்கின் பாதரசம் வாசலிலேயே பிடுங்கிக்கொள்ளும். பார்க்க விளக்கு முன்னைவிடப் பிரகாசமாக எரியும். குடுவையிலிருக்கும் பாதரசமோ பட்டினி கிடக்கும்.

அதாவது விசிறியை நிறுத்தி, விளக்கைச் சூடேற விட்டு, கழுவிய குடுவையில் புதுத் தூளைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் நீலம் வந்தால் உடைப்பது பாதரசம் இல்லை. தலைவர் சொன்னதே சரி, அறையும் தப்பித்தது. மஞ்சளாகவே நின்றால் பாதரசம்தான். அவள் இப்படித்தான் கணக்குப் போட்டாள். இதில் ஓட்டையே இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். பயத்தில் இருப்பவர்கள் போடும் கணக்குக்கு இதுவே அதிகம்.

"அப்ப செஞ்சு பாரு" என்றாள் அக்கா. பிறகு, "இரு இரு. அதைப் பாக்க நீ அந்த ரூமுக்குள்ளயா நிக்கணும்?"

"ஆமா."

"ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு?"

"காத்து வந்தா விளக்கு சூடாகாதுக்கா."

"நல்லா இருக்குடி உங்க படிப்பு."

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) நீலம். அவள் அழுதாள், பம்ப் அழுதான், தலைவர் காரணம் தெரியாமல் கைதட்டினார். எழுதி முடித்து நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் வாசித்தபோது தெரிந்தது, விளக்கு சூடேறுவதற்குள் அவளைப் பார்க்க விட்டிருக்கிறேன். அந்த நீலம் எதற்கும் அத்தாட்சி இல்லை. எனக்குத்தான் பொறுமையில்லை.

(ஆ) மஞ்சள். ஆஸ்பத்திரி. "டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி, மெல்ல"

வேண்டாம். கதையில் வரும் டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றியே எத்தனையோ பேரைக் கொன்றுவிட்டார்கள்.

(இ) இதுதான் நடக்கக் கூடியது. பம்ப் சொல்கிறான்:

"நீ கிளம்பு. நான் நின்னு பாத்து சொல்றேன்."

நல்ல யோசனை. அவளும் பையை எடுத்துவிட்டாள். கதவுவரை போய்விட்டாள். அங்கே நின்றாள்.

"என்ன கலர் வந்தாலும் அதையே சொல்வியா?"

"சத்தியமா."

"பெருக்கிட்டேன்னு சொன்ன மாதிரியா?"

அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. "போன்ல வீடியோவா காட்டறேன். உன் கண்ணால பாரு."

"அந்த வெளிச்சத்துல போன்ல எல்லாமே நீலமாத்தான் தெரியும். உனக்கே தெரியும்."

அவன் இப்போது பொய் சொல்லமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மஞ்சளைப் பார்த்துவிட்டு, வெளியே நிற்கும் ஒரு கர்ப்பிணியின் முகத்தையும் பார்த்தால் என்ன சொல்வான்? அன்று பயந்து மறைத்தான். இன்று இரக்கப்பட்டு மறைப்பான். வெளியே நிற்பவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் "நீலம்" என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். ஆயுசுக்கும் நம்பமாட்டாள். குழந்தை ஒருமுறை தாமதமாகத் திரும்பிப் பார்த்தாலும், ஒரு சொல்லைத் திக்கிச் சொன்னாலும், இந்தக் கதவுக்கு வந்து நிற்பாள்.

உள்ளே நின்றால் தெரிந்துகொள்வாள். நிற்கும் நேரமெல்லாம் அந்த ஆவியை மூச்சில் இழுப்பாள்.

7

அவள் உள்ளே வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. பம்ப் அவளுக்கும் ஓவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

விளக்கு பிரகாசமானது. அதன் பிறகுதான் புதுத் தூள் போட்ட குடுவையை அதன் பக்கத்தில் வைத்தாள். அவள் தூளைப் பார்க்கிறாள். மஞ்சள்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நீலம் வந்தால், வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். மஞ்சள் எப்போது வரும்? அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நீலமாகிவிடுமோ என்று எந்தக் கணத்திலும் தோன்றும். எவ்வளவு நேரம் மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள்தான் என்று முடிவு கட்டலாம் என்று தூள் சொல்லாது. பார்க்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். அவளால் சொல்ல முடியவில்லை.

அக்கா போனில் இன்னும் இருக்கிறாள். "வெளிய வந்துட்டியா? ஏய், உன்னைத்தான். வந்துட்டியா?"

"இதோக்கா."

"இதோன்னா?"

"ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷத்தை எழுதிப் பார்த்தேன், அடித்தேன். இன்னொன்று எழுதினேன், அடித்தேன். எழுதிய ஒவ்வொன்றும் அவள் உள்ளே நின்ற நேரத்தோடு சேர்கிறது. அடித்தாலும் குறையவில்லை.

என்னால் முடியாது. எப்போது எழுந்து வர வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு வரட்டும் என்றாலும் சரி, தெரியாமலே வரட்டும் என்றாலும் சரி. நீங்கள் யோசிக்கும்வரை அவள் அங்கேதான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

சீக்கிரம்.