கீழே வீங்கியிருக்கு

கண்டக்டருக்குத் தொண்டை என்றால் அப்படியொரு தொண்டை. கடைசி சீட்டில் தூங்குகிறவரைக்கூட எழுப்பி இறக்கிவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஆஸ்பத்திரிச் சீட்டுக் கவுன்டரில் பதினெட்டு நாள் மகனோடு திருதிருவென்று விழித்தார். மனைவி பிரசவத் தையலைக் காட்ட உள்ளே போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்கு ஈரத்துணி மாற்றப்போய்த்தான் அவர் அந்த வீக்கத்தைப் பார்த்தார். வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"குழந்தைக்கு என்ன?"

"கீழ வீங்கியிருக்குங்க."

"கால்லயா?"

"ஆமா... அந்தப் பக்கந்தான்," என்று மென்று விழுங்கினார்.

கவுன்டர்க்காரர் 'கால் வீக்கம்' என்று எழுதி எலும்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். பாழாய்ப்போன வெட்கத்தால் அங்கே முக்கால் மணி நேரம் போயிற்று. பிள்ளை குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டு வீறிட்டது.

தேடிக்கொண்டு வந்த மனைவி சீட்டைப் படித்தாள், துணியை விலக்கிப் பார்த்தாள். நடுக்கூடத்தில் நின்று, "எம் புள்ளைக்குக் கொட்டை வீங்கிச் செவந்திருக்கு, யாராச்சும் வந்து பாருங்க," என்றாள். ஒரு நர்ஸ் ஓடி வந்தார். ஐந்தே நிமிடத்தில் மூவரும் அறுவைசிகிச்சை டாக்டரம்மா முன்னால் இருந்தார்கள்.

"குடல் எறங்கி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. ரத்த ஓட்டம் நின்னா விதையும் போயிடும். இப்பவே தொறக்கணும்."

ஒரு வார்த்தை சொல்லக் கூசி மகனைக் கெடுத்துவிட்டோமே என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்புறமா திட்டறேன். இப்ப உக்காருங்க," என்றாள் மனைவி.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். "மாட்டிக்கிட்டது குடல்வால். ரொம்ப அபூர்வம், நானே இப்பத்தான் ரெண்டாவது தடவை பாக்கறேன். அதை எடுத்தாச்சு. விதை கருத்துப்போயிருந்துச்சு. வெதுவெதுப்பா துணி வச்சுக் காத்திருந்தோம், நெறம் திரும்பிடுச்சு."

"நான் லேட் பண்ணிட்டேனுங்களா?"

"பண்ணீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா விதையையும் எடுக்க வேண்டியிருந்திருக்கும்."

கண்டக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் வார்டில் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான். கண்டக்டர் மட்டும் சும்மா இருக்கவில்லை. நிமிடத்துக்கொரு தரம் துணியை விலக்கிக் குனிந்து பார்த்தார்.

"என்ன, இருக்கா?" என்றாள் மனைவி.

"ரெண்டும் இருக்கு," என்றார்.