காலியாக வந்த கட்டம்

1

இந்தக் கதை தங்க வயலுக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண், மடியில் கணினியை வைத்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். முன்பின் தெரியாத பெண்ணிடம் ஏனென்று எப்படிக் கேட்பது? காரணத்தை நானே புனைந்துகொண்டேன்.

தென்றல் என்று பெயர் வைத்தேன். பெங்களூரில் ஜாவா வலைப்பக்கம் எழுதும் வேலை. அப்பா வேலாயுதம், தங்கச் சுரங்கம் மூடும்வரை கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கியவர். இப்போது மாடிப்படி ஏறினாலே இளைக்கிறது.

2

முதல் தொடக்கம்: "சயனைடு மேட்டின் மேல் அந்தி சாய்ந்தபோது தென்ற

வேண்டாம். தங்க வயல் என்றாலே அந்தக் கழிவு மண் மேட்டில் அந்தியைச் சாய்த்துவிடுகிறோம். கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாவா பக்கத்துக்குள் நிரலைப் பொதிந்து எழுதலாம். அது தகவலை எடுத்து, மாறி என்ற ஒரு பெட்டியில் வைக்கும். திரையில் காட்டுவது குறிச்சொல் என்ற இன்னொரு துண்டின் வேலை. ஒரே பக்கத்தில் இருந்தும், நிரல் வைத்த மாறி குறிச்சொல்லுக்குத் தெரியாது. பக்கத்தின் பொது இடத்தில் அதைப் பெயர் சொல்லி வைக்க ஒரு வரி எழுதவேண்டும்.*

* அந்த வரி விட்டுப்போனால் பிழை என்று எந்தக் கூச்சலும் வராது. அந்த இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

3

ஒரு ஸ்கேன் மையத்தின் பக்கத்தைத் தென்றல் போன வாரம் புதுப்பித்தாள். அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று. அதே மையத்தில் நுரையீரலைப் படமெடுத்திருந்த வேலாயுதம், நேற்றுக் காலை போனில் பக்கத்தைத் திறந்தார். 'முடிவு' என்ற கட்டம் காலி.

"பாப்பா, இங்க வா. ஒண்ணுமே இல்ல பாரு!"

"இன்னா நைனா?"

"சுரங்கத்து லெவல்ல எவ்ளோ தூசி குடிச்சேன். ஒண்ணும் ஒட்டல. இனிமே டாக்டராண்ட இன்னாத்துக்குப் போறது?"

தென்றல் சிரித்தாள். (இங்கே எனக்கே இவள் மேல் சந்தேகம். தான் எழுதிய பக்கத்தைப் பார்த்து ஒருத்தி ஏமாறுவாளா? ஏமாறுவாள். நல்ல சேதியை யார் உரசிப் பார்க்கிறார்கள்?)

4

இன்று புகார் வந்தது: எல்லோருடைய முடிவும் காலி. விட்டுப்போன வரி எது என்று தென்றல் கண்டுபிடித்தாள். திரும்பும் ரயிலில் அந்த வரியைத் தன் கணினியில் இருந்த பிரதியில் மட்டும் சேர்த்தாள். சோதிக்க ஒரு பதிவெண் வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான்.

கட்டம் நிரம்பியது.

(அதில் இருந்ததை இந்த அடைப்புக்குறிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன். வெளியே வைத்தால் வேலாயுதத்துக்கும் கேட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது.)

அப்போது போன் அடித்தது.

"ரயிலு எங்கமா கீது? பேட்டைல கறி எடுத்துக்கினு வந்தேன். பக்கத்து வூட்டு ராஜப்பாவயும் சாப்பிடக் கூப்ட்டுக்கிறேன்."

"வரேன் நைனா" என்றாள். போனை வைத்தாள். அங்கேதான் அழுதாள்.

5

முடிவு ஒன்று: ரயிலிலிருந்தே திருத்தத்தை ஏற்றிவிடுகிறாள். கறிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருக்கும் மனிதர் போனை எடுத்து

என் கை ஓடவில்லை.

முடிவு இரண்டு: ஏற்றவில்லை. அவர் டாக்டரிடம் போகமாட்டார். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர், காலிக் கட்டத்தைக் கும்பிட்டுவிட்டு இருமிக்கொண்டிருப்பார்கள். இதை எழுதினால் நான் மனுஷனே இல்லை.

மூன்று: வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு, பிறகு ஏற்றுவது. இதுதான் சரி. அப்படித்தான் அவளை இறக்கி நடக்கவிட்டேன். வாசலிலேயே வேலாயுதம் போனை நீட்டுகிறார்.

"ராஜப்பாகிட்ட காட்டிக்கினு இருந்தேன். நீயும் இன்னொரு தரம் பாரு பாப்பா. காலியாதான கீது?"

ராஜப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. தென்றல் வாயைத் திறக்கிறாள். அவளுக்குத் தரவேண்டிய வார்த்தை என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள். காலியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் அதை நம்பிவிடுவார்.

"நைனா,                    "