மூன்றும் ஏழும்

பீங்கான் ஆலையின் அரவை மில்லைப் பழுதுபார்த்துவிட்டு ஃபிட்டர் சுப்புராயன் போன பிறகு, பரிசோதனை அறைத் தரையில் அந்தத் தாள் கிடந்தது.

'2-5-1. மூன்றையும் ஏழையும் மட்டும் தொடு. பேஸை விட்டுவிடு, மரியதாஸ் பார்த்துக்கொள்வான். ஒவ்வொரு முறையும் வேறு வழியில் போ.'

இரண்டு முறை படித்தேன். பீங்கான் மேல் பளபளப்புக்குப் பூசும் எங்கள் புதிய வெள்ளை கிளேஸில் மூன்றாவது சரக்கு வெள்ளீய ஆக்சைடு, ஏழாவது துத்தநாக ஆக்சைடு. அந்த இரண்டின் அளவுதான் ரகசியம். மீதியைச் சேர்த்து பேஸ் என்போம். அளவுகள் எழுதிய குறிப்பேடு இருக்கும் அலமாரியின் சாவி என் இடுப்பில். நான் வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

சுப்புராயன் சனிதோறும் ஷிஃப்ட் முடிந்ததும் புதுச்சேரி பஸ் ஏறுவார். சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று கூடப் போகும். அன்றும் சனிக்கிழமை. அவரிடமே கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. தாளை சூப்பிரண்டு கலியமூர்த்தியிடம் கொடுத்தேன். அவர் சுப்புராயனைக் கூட்டிவர ஆளனுப்பினார்.

"யாருய்யா மரியதாசு?"

"புதுச்சேரி ஓட்டல்ல பேஸு வாசிக்கிறவருங்க."

"பேஸ வாசிப்பாங்களா?"

"பெரிய ஃபிடிலு மாதிரி இருக்குங்க சார். நான் அவங்ககிட்ட கிட்டாரு கத்துக்கிறேன். தாள்ல இருக்கறது சொர நம்பருங்க. ஜாஸுன்னு..."

"அது என்ன சரக்கு?"

சைக்கிள் கொட்டகையிலிருந்து சாக்கு வந்தது. உள்ளே கிட்டார்தான். கலியமூர்த்தி அதன் துளைக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"எழுதியிருக்கறத வாசி."

வாசித்தார்.

"திரும்ப."

வாசித்தார்.

"மொதல்ல வந்தது இது இல்லியே."

"மாத்தி மாத்தித்தான் வாசிக்கணுங்க. அதத்தான் கத்துக்கிறேன்."

"ரெண்டு தடவ செஞ்சி ரெண்டு மாதிரி வந்தா அந்த டெஸ்ட்டு பொய்யி. நீதானம்மா சொன்ன?"

நான்தான் சொல்லியிருந்தேன்.

"திங்கக்கெழம நீ கேட்டுக்குள்ள வரக் கூடாது," என்றார் சுப்புராயனிடம்.

"இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்க சார்," என்றேன்.

இம்முறை இடது கையை மட்டும் பார்த்தேன். மெட்டு எங்கெங்கோ போனது. இடையிடையே இரண்டு விரல்கள் சேர்ந்து அமர்ந்த இடங்கள் மூன்றுதான். மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். மெட்டு வேறு. அதே மூன்று இடங்கள், அதே வரிசை. தாளில் இருந்த 2-5-1 அந்த மூன்று இடங்கள்; மூன்றும் ஏழும் அந்த இரண்டு விரல்கள்.

"அடியில மாறலங்க சார். மேல போறதுதான் மாறுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் இதுல கூட்டா?"

தலையாட்டி மறுத்தேன்.

"சரி, வேலைக்கு வரட்டும். தாள மட்டும் ஒன் அலமாரியில வச்சிப் பூட்டு. எதுக்கும் இருக்கட்டும்."

திங்கட்கிழமை சுப்புராயன் என் மேசையருகே வந்து நின்றார். "தாளு இல்லாம சனிக்கெழம பாடமே நடக்கலீங்க. யாரு எடுத்துக் குடுத்தாங்கன்னு தெரிஞ்சா நறுக்குன்னு நாலு வார்த்த கேப்பேன்."

அலமாரியைத் திறந்து தாளை நீட்டினேன்.

"கேளுங்க," என்றேன்.