பத்து நிமிடம் நிற்க வேண்டும்

வேலை பார்க்கும் துணிக்கடையில் அக்கா மூன்றாம் முறை மயங்கி விழுந்தாள். உட்கார ஒரு முக்காலி கேட்டதற்கு மேலாளர் நான் எழுதிய பரிசோதனை ரிப்போர்ட்டை அவள் முகத்துக்கு நேராக ஆட்டினாராம்.

"உன் தங்கச்சிதானே கையெழுத்துப் போட்டிருக்கா, எல்லாம் நார்மல்னு? இன்னொரு தடவை நடிச்சா வீட்டோட இருந்துக்க."

ஆஸ்பத்திரி நரம்புப் பரிசோதனை அறையில் நான் டெக்னீஷியன். நோயாளியைப் படுக்க வைத்து, பிறகு நிற்க வைத்து, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறிக்க வேண்டும். விதிப்படி பத்து நிமிடம் நிற்க வேண்டும். எங்கள் அறையில் மூன்றுதான். வெளியே கூட்டம் இருக்கும். சீனியர் விரலைச் சொடுக்குவார். அக்காவையும் மூன்றாவது நிமிடத்தில் உட்கார வைத்து, நார்மல் என்று எழுதியிருந்தேன்.

மறுநாள் காலை அவளைத் திரும்ப அழைத்துப் போனேன்.

"விழுந்தது நான். திருடின மாதிரி முழிக்கிறது நீ," என்று சிரித்தாள்.

படுத்திருந்தபோது துடிப்பு எழுபத்திரண்டு. நின்ற மூன்றாவது நிமிடம் தொண்ணூற்றைந்து. சீனியர் எட்டிப் பார்த்தார்.

"போதும்மா. அடுத்த ஆளைக் கூப்பிடு."

வழக்கமாக "சரி சார்" என்பேன்.

"முடியாது சார். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

"சொந்தக்காரங்கன்னா ஸ்பெஷலா?"

"போன தடவையும் இவ என் அக்காதான் சார். நீங்க சொன்னீங்கன்னு மூணுல முடிச்சேன்."

எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். நம்மைக் கேட்காமலே வேலை செய்யும் நரம்புகள் அங்கே ரத்தக் குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ள வேண்டும். அவை தளர்ந்தால், இதயம் ஒற்றை ஆளாக ஓடுகிறது. அக்காவின் பாதங்கள் கருஞ்சிவப்பாயின. ஏழாவது நிமிடம், நூற்றுப் பத்து. ஒன்பதில் நூற்று இருபத்துநான்கு.

"கண்ணு இருட்டுதுடி."

சரிவதற்குள் தாங்கிப் படுக்க வைத்தேன்.

சீனியர் திரையையே பார்த்தார். "சரி, டாக்டர்கிட்ட புதுசைக் காட்டு. பழசைக் கிழிச்சிடு. வம்பு எதுக்கு?"

நான் கிழிக்கவில்லை. 'தவறு. மூன்று நிமிடமே நிற்க வைத்தேன்' என்று கோப்பில் இருந்த பழையதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டேன். அழுத்தியதில் தாள் கிழிந்தது.

"ரெண்டையும் காப்பி எடுத்துக் குடுடி," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "அந்தாளு மூஞ்சிக்கு நேரா நான் ஆட்டணும்."

அலமாரியிலிருந்து இந்த வருடத்து ரிப்போர்ட் கட்டை இறக்கினேன். மூன்று நிமிடம், நார்மல், என் கையெழுத்து. அடுத்ததும் அதேதான்.

"என்னம்மா பண்றே?"

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடப் போறேன் சார்."

அவர் பதில் சொல்வதற்குள் போனில் முதல் நோயாளியின் எண்ணை அழுத்தினேன்.